கட்டைரோசா முளைத்த இடம்

அக்கா எழுதியவற்றைவிட அவர் எழுதாமல் விட்டவைதான் முதலில் என் கண்ணில் பட்டன. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேசைமேல் ஒரு கட்டுப் படிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு செடியின் விபரம். எங்கே பறித்தது, என்றைக்கு, எவ்வளவு உயரத்தில், அங்குள்ளவர்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள், யாராவது நட்டதா, தானாக வளர்ந்ததா. எல்லாம் பென்சிலில், ஒன்றோடொன்று தொடாத குண்டு எழுத்துகளில் இருந்தன. பாதிப் படிவங்களில் இரண்டு வரி, மூன்று வரி வெறுமனே கிடந்தது.

எழுந்துபோய்க் கேட்டேன். அடுத்த அறையில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, காய்ந்த செடி ஒன்றின் தண்டைத் தடித்த தாளோடு சேர்த்து ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"தெரியல தம்பி. தெரிஞ்சா எழுதியிருப்பேன்ல."

அதன்பிறகு அவரோடு வேலை செய்த ஒன்றரை வருடத்தில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான்.

பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் காரியாலயம் இருந்தது. ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வளரும் செடிகொடிகளைச் சேகரித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் பொருத்தி, விபரச் சீட்டு ஒட்டுவோம். எப்போதும் இரண்டு பிரதி. ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டு, மற்றதைக் கண்டிப் பக்கம் இருக்கும் பெரிய ஹேர்பேரியத்துக்கு அனுப்புவோம். காய்ந்த செடிகளுக்கான நூலகம் அது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் எங்கள் மாடியை 'எல ஆபீசு' என்றார்கள். திட்டத்தை நடத்தியவர் சிங்களவர், தமிழும் பேசுவார். அவரை 'சேர்' என்போம். வேன் ஓட்ட ஓர் அண்ணன். அக்கா. நான். நான்கு பேர்தான்.

அக்காவுக்கு அப்போது நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெரகலவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பிறந்தவர், பூனாகலையில் வாழ்க்கைப்பட்டவர். எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பதினேழு வயதில் கொழுந்தெடுக்கப் போனவர். தேயிலைக் கறை ஏறிய விரல்களால் செடியை விரித்து வைப்பார். ஓர் இலை முன்பக்கம் காட்டினால் அடுத்தது பின்பக்கம் காட்டும். செடியை அழுத்தப் பழைய பத்திரிகைத் தாள் வேண்டும். அதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. விளையாட்டுப் பக்கங்களைத்தான் முதலில் எடுப்பார். மற்றப் பக்கங்களில் செய்தி இருந்தால் வாசித்துக்கொண்டே நின்றுவிடுவாராம். மரண அறிவித்தல் பக்கங்களைத் தொடவே மாட்டார். மடித்து மூலையில் அடுக்கிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, ஆட்களின் முகத்துக்கு மேல் செடியை வைத்து அமுக்கக்கூடாது என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர். நான் ஓ.எல். பரீட்சை எழுதுவதற்கு முன்பே எங்கள் லயத்துப் படிவங்கள் எல்லாம் என்னிடம் வரத் தொடங்கிவிட்டன. அடையாள அட்டைக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வயதானவர்களின் உதவிப் பணத்துக்கு. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் படிவம் திரும்பி வரும். திரும்பி வந்தால் ஒருவருக்கு ஒரு நாள் வேலை கெடும். அதனால் நான் எந்தக் கட்டத்தையும் விட்டதில்லை. தெரியாததைக் கேட்பேன். அவர்களுக்கும் தெரியாவிட்டால் பொருத்தமாக எதையாவது போடுவேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆகவே அக்காவின் வெறும் வரிகள் எனக்குச் சோம்பலாகத் தெரிந்தன. வேலைக்குச் சேரும்போது எல்லோரும் கொடுக்கவேண்டிய விபரப் படிவத்திலேயே அவர் பிறந்த திகதியை எழுதாமல் விட்டிருந்தார். கொழும்பிலிருந்து மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அடையாள அட்டையில்தான் இருக்கிறதே, பார்த்து எழுதுங்கள் என்று நான் சொன்னேன்.

"அது ஆபீஸ்ல போட்ட தேதி. அன்னைக்கு அஞ்சு புள்ளைகள ஒண்ணாப் பதிஞ்சிருக்காங்க. எங்க அஞ்சு பேருக்கும் ஒரே பொறந்த நாள். ஒரே வயித்துல பொறந்த மாதிரி."

"உண்மையான நாள் எது அக்கா?"

"அம்மாவுக்கு மழை பேஞ்சது ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணும் தெரியாது."

கடைசியில் சேர்தான் அட்டையைப் பார்த்து எழுதினார். அக்கா அதைத் தடுக்கவில்லை. எழுதியது தான் இல்லை என்பது மட்டும் அவருக்குப் போதும்போல இருந்தது.

வெளியே போகும்போது இந்தக் குணம் இன்னும் தொல்லை கொடுக்கும். பூனாகலையில் ஒருவர் தன் வீட்டு வேலிச் செடியைக் காட்டி, அது தன் தாத்தா இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு நல்ல விபரம் கிடைத்த சந்தோசம். அக்கா பென்சிலை எடுக்காமல், தாத்தாவே சொன்னாரா, அப்பா சொன்னாரா, கொண்டுவந்தது விதையா, கொப்பா என்று கேட்டுக்கொண்டே நின்றார். அந்த ஆளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தங்கச்சி, கோட்டுல சாட்சிய விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க?"

"கோட்டுக்குப் போனா பஸ் காசாச்சும் குடுப்பாங்கண்ணே. நீங்க இன்னும் தேத்தண்ணிகூட குடுக்கல."

அவர் சிரித்துவிட்டார். தேநீரும் வந்தது. படிவத்தில் அக்கா எழுதியது இவ்வளவுதான்: 'தாத்தா கொண்டுவந்ததாக வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பார்க்கவில்லை.'

எல்லா நேரமும் இப்படிச் சிரிப்பில் முடியாது. வேன் அண்ணனின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். சரியாகிவிடும் என்று சேர் சொன்னார், நான் சொன்னேன், பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சொன்னார். அண்ணன் அக்காவைப் பார்த்து, நீங்க பாத்தீங்கல்ல, எழும்பிருவாங்கதானே என்று கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் அந்த அம்மாவையே பார்த்துவிட்டு, தெரியல அண்ணே என்றார். அண்ணன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அவளுக்கு வாய் வெந்துவிடுமா என்று என்னிடம் குமுறினார். அந்த அம்மா பிறகு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த முதல் மூன்று நாளும் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அக்காதான். அப்போதும் அண்ணனுக்கு முழுதாக மனம் ஆறவில்லை. எனக்கும் அந்தத் 'தெரியல' அன்று பயமாகத்தான் இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு கிழமையில் அக்கா பிறந்த தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெரகல சந்தியில் தேநீர் குடித்துவிட்டுக் கீழே இறங்கினால் வரும். தோட்டக் காரியாலயத்தில் பீல்ட் ஒபிசர் எங்களை நன்றாகவே வரவேற்றார், என் வயதுக்காரர்தான். உள்ளே போக அனுமதி தந்ததற்குப் பதிலாக ஒன்று கேட்டார். தானாகப் பரவி நிலத்தை மூடும் கொடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நாங்கள் ஒரு பட்டியல் தரவேண்டும். அவற்றை வெட்டிவிட்டு நடுவதற்கு அவர்களுக்கு நிலம் தேவை. சேர் ஒத்துக்கொண்டார். மற்றத் தோட்டங்களிலும் இதே ஏற்பாடுதான்.

அக்கா பிறந்த லயம் வெறுமையாக இருந்தது. மலை சரியும் என்று சில வருடங்களுக்கு முன்பே எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். குடும்பங்கள் பூனாகலை, பண்டாரவளை என்று பல திசையில் போய்விட்டன. கூரைத் தகரமும் இல்லை. லயத்துக்குப் பின்னால் தேயிலை முடிகிற இடத்தில் ஒரு சரிவு. அது முழுவதும் ஒரே கொடி. மஞ்சள் பூக்கள் அன்று காலையில்தான் விரிந்திருந்தன.

அது மரரோஜா. வேலியில் ஏறி விடியலில் நீலமாகப் பூக்கும் கொடிக்கும் வற்றாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் உறவு. இலை, விரித்த கையைப் போல ஏழாகப் பிரிந்திருக்கும். பூ உதிர்ந்தபின், அதைத் தாங்கியிருந்த புறவிதழ்கள் தடித்து, காய்ந்து, மரநிறமாகி விரியும். நடுவில் ஓர் உருண்டைக் காய். மரத்தில் கடைந்த ரோசாப்பூ என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்த அழகுக்காகவே துரைமார் பங்களா வேலிகளில் ஏற்றினார்கள். லயத்தில் அதற்குப் பெயர் கட்டைரோசா.

நான் கமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறப் போனேன்.

"இது ஆளுகளப் பொதச்ச எடம் தம்பி. பாத்துக் கால வைங்க."

பிறகு அவர் சொன்னதை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய அப்பா பங்களாவில் தோட்டவேலை செய்தவர். வேலிக்குக் கீழே விழும் காய்ந்த கட்டைரோசாக்களைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். வாடாத பூ என்று லயத்துப் பெண்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் யாராவது இறந்தால் பூ கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு நாளில் அழுகும், அல்லது ஆடு மேயும். ஆகவே புதைத்த மண்மேல் கட்டைரோசாவை வைத்தார்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒன்பது வயதுத் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். தங்கையின் மேட்டில் அக்காவே மூன்று கட்டைரோசா வைத்தார். அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒரு கொடி எழும்பி நின்றது. மற்ற மேடுகளிலும் அப்படியே.

ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் காரியாலயத்துக்கு வந்தபிறகு, ஒரு நாள் கட்டைரோசா ஒன்றைத் தாளில் பொருத்தும்போது நடுவிலிருந்த உருண்டை உடைந்து நான்கு கறுப்பு விதைகள் அக்காவின் மடியில் விழுந்திருக்கின்றன. பூ என்று அத்தனை வருடம் வைத்தது காய் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சரிவின் நடுவில் ஓரிடத்தில் குந்தினார். இலைகளை ஒதுக்கிக் காட்டினார். மணிக்கட்டுப் பருமனில் ஒரு தண்டு மண்ணிலிருந்து எழுந்து மேலே போனது.

"கல்லு வைக்க எங்களுக்கு ஏது வசதி. ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த மாதிரித் தண்டுதான் அடையாளம். இது எங்க புள்ள."

தோட்டத்து வரைபடத்தில் அந்தச் சரிவு மயானம் என்று இல்லை. நான் பிறகு பார்த்தேன், வெறும் நிலம் என்றுதான் இருந்தது.

அக்கா அங்கேயே உட்கார்ந்து படிவத்தை எழுதினார். ஐந்து வரி எழுதினார். ஆறாவது வரி, நட்டதா தானாக வளர்ந்ததா என்பது. அதை விட்டுவிட்டு ஏழாவதுக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் நட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் தானாக வளர்ந்தது என்றேன்.

"தானாவா வந்துச்சு? நாங்க வைக்காம வருமா?"

"அப்போ நட்டதுன்னு போடுங்க அக்கா."

"நட்டிருந்தா நட்டேன்னு சொல்லுவேன். நான் செத்த புள்ளைக்குப் பூ வச்சேன்."

வரி வெறுமையாகவே பதுளைக்கு வந்தது.

அடுத்த கிழமை அக்காவின் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டில் அம்மை என்றால் வெளியே வரமாட்டார்கள். பத்து நாள் அவர் இல்லை. கண்டிக்குப் போகும் பெட்டியை அந்த நாட்களில்தான் அனுப்பவேண்டியிருந்தது. கணினியில் ஆறாவது கட்டம் வெறுமையாக இருந்தால் விபரச் சீட்டு அச்சாகாது. நான் யோசித்தேன். யாரும் குழி தோண்டவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, காவல் காக்கவில்லை. நடாதது எல்லாம் தானாக வளர்ந்ததுதான். நியாயமாகவே பட்டது. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லைப் போட்டேன். சீட்டு அச்சானது. நானே ஒட்டினேன். பெட்டி போயிற்று. அந்தத் தோட்டத்துக்கான பட்டியலைக் கணினி தானாகத் தயாரித்தது. தானாக வளர்ந்தது என்று இருந்த கொடிகளெல்லாம் இடத்தோடு அதில் வந்துவிட்டன. அதையும் அன்றே மின்னஞ்சலில் அனுப்பினேன். வேலையெல்லாம் முடித்துவிட்டேன் என்று சேரிடம் சொன்னபோது முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அக்கா திரும்பி வந்த அன்று, எங்களிடம் இருந்த பிரதிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் எந்த வரி எதற்கு என்று இடம் தெரியும்.

"ஆறாவது வரில என்னமோ இருக்கே தம்பி."

சொன்னேன். ஏன் அப்படிப் போட்டேன் என்றும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, பட்டியல் தோட்டத்துக்குப் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றேன்.

"போன் பண்ணிச் சொல்லிருங்க. அது ஆளுக இருக்கிற எடம்னு சொல்லுங்க."

சரி என்றேன். அன்றைக்கே செய்திருக்கவேண்டும். பிழையைச் சேரிடம் முதலில் சொல்லவேண்டுமே, அவர் என்ன நினைப்பார் என்று ஒரு நாள் தள்ளினேன். பிறகு பீல்ட் ஒபிசரின் போன் ஒரு தடவை எடுபடவில்லை. அதன்பிறகு மறந்தேன் என்று சொல்லமுடியாது. நினைத்துக்கொண்டே தள்ளினேன். அக்கா மறுநாளும் கேட்டார், அதற்கடுத்த கிழமையும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னது அந்த இரண்டாவது தடவை.

மூன்றாவது கிழமை, பண்டாரவளையில் இருக்கும் அவருடைய உறவுக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து போன் செய்தார். வெளியிலிருந்து கொந்தரப்புக்கு, அதாவது ஒப்பந்தக் கூலிக்கு, வந்த ஆட்கள் சரிவைச் சுத்தமாக வெட்டி, கிழங்கோடு பிடுங்கி, மருந்தும் அடித்துவிட்டார்களாம். மண்ணைச் சமன்செய்து கன்று நடக் கோடு போட்டிருக்கிறார்களாம். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு வராது.

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை; உடனே தோட்டத்தோடு பேசி வேலையை நிறுத்தினார். தோட்டமும் ஒரு வழி சொன்னது. புதைத்தவர்களின் குடும்பங்கள் வந்து தங்கள் இடத்தைக் காட்டட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரமுளை அடித்து அந்த இடத்தை விட்டுவிடுவோம், மற்றதில் நடுவோம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்தன. சரிவு செம்மண்ணாகக் கிடந்தது. மேடும் இல்லை, தண்டும் இல்லை. பெயரும் முளை எண்ணும் எழுதவேண்டியது என் வேலை. ஆட்கள் ஏறி நின்று, பழைய லயத்தின் மூலையைப் பார்த்து, தூரத்து மரத்தைப் பார்த்து, கையால் அளந்து, இங்கேதான் என்றார்கள். பீல்ட் ஒபிசரின் ஆள் முளை அடித்தார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒன்பது அடித்தாயிற்று.

அக்கா கடைசியில் ஏறினார். மேலே போனார், கீழே வந்தார், மறுபடி நடுவில் போய் நின்றார். குந்தி மண்ணைத் தொட்டார். எழுந்து நான்கு எட்டு வைத்துவிட்டு மறுபடி குந்தினார். வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறங்கி வந்து என் முன்னால் நின்றார்.

"தெரியல. எழுதாதீங்க."

பீல்ட் ஒபிசர் மரியாதையாகத்தான் சொன்னார். "அக்கா, சுமாரா ஒரு எடத்தக் காட்டுங்க. இல்லாட்டி உங்க தங்கச்சிக்கு எடமே இல்லாமப் போயிரும்."

"நான் ஒரு எடத்தக் காட்டுனா அத விட்டுட்டு மத்த எடத்துல நடுவீங்க. காட்டுன எடம் பொய்யா இருந்தா அவ மேலயே நடுவீங்க. நானே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"அப்போ நாங்க எங்கதான் நடுறது?"

"எனக்கு எப்படித் தெரியும். அவ எங்க இருக்கான்னே தெரியல."

அப்பாவுக்கென்று முதல் முளைக்கு இடம் காட்டிய மனிதர் தானாகவே மேலே ஏறிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கிட்டத்தட்டத்தான் காட்டினேன், சரியாகத் தெரியாது, என் பெயரை வெட்டிவிடுங்கள் என்றார். அவரைப் பார்த்து இன்னும் நால்வர். பிறகு ஒரு தாயும் மகனும் சரிவில் நின்றே வாக்குவாதப்பட்டு, கடைசியில் மகன் பிடுங்கினான். பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் தன் முளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே ஒரு பாறை இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும் என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். நாங்கள் புறப்படும்போது மூன்று முளைகள் நின்றன. மூன்று போக மற்றவர்கள் எங்கே என்று தெரியாத ஒரு நிலத்தில் மண்வெட்டியை வைக்கத் தோட்டத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை அங்கே எதுவும் நடவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன். புல் மண்டிக் கிடக்கிறது.

திரும்பி வரும் வேனில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹப்புத்தளை தாண்டியபிறகு, போன் செய்ததாகச் சொன்னது பொய் என்றும் சேர்த்துச் சொல்லி, என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"மன்னிச்சிட்டேனான்னு தெரியல தம்பி. தெரிஞ்சா சொல்றேன்."

முன்னால் வேன் அண்ணன் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

மறுநாள், கண்டிக்குப் போய்விட்ட தாளை என்ன செய்வது என்று அவரே கேட்டார். ஹேர்பேரியத் தாளில் எதையும் அழிக்கமாட்டார்கள், பிழை இருந்தால் கீழே இன்னொரு சீட்டு ஒட்டி, திருத்தியவர் பெயரையும் திகதியையும் போடுவார்கள் என்று விளக்கினேன்.

"அப்போ நீங்க எழுதுனதும் அப்படியே இருக்கும்."

"இருக்கும் அக்கா."

"இருக்கட்டும்."

தமிழில் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன். பேனாவைக் கேட்டு வாங்கினார். பேனாவால் அவர் எழுதி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். இதுதான் எழுதியது: 'இதை யாரும் நடவில்லை. தானாகவும் வரவில்லை. செத்தவர்களுக்குப் பூ என்று வைத்த காயிலிருந்து முளைத்தது. வைத்தவர்கள் பலர். எது யார் வைத்தது என்று தெரியாது.' கீழே தன் பெயர். நானே கண்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்த அம்மா அதைத் தாளில் ஒட்டி அலமாரியில் வைக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. தேநீர் போட்டால் எனக்கும் ஊற்றுவார். என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பார். நான் நிரப்பிய சீட்டுகளை ஒன்றொன்றாகக் கேட்டுச் சரிபார்ப்பார். அதற்கு முன்பு அப்படிச் செய்ததில்லை. திட்டம் முடிந்து, மாடியைக் காலிசெய்து, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தோம். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பதுளை பஸ் நிலையம் வரை போனேன். பண்டாரவளை பஸ் நிறைந்திருந்தது. அவர் ஏறி, கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் ஒரு கம்பியைப் பிடித்து நின்றார். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"வேன்ல கேட்டீங்கல்ல தம்பி. இன்னும் தெரியல. யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் தலையாட்டினேன். பஸ் புறப்பட்டது.